சூரல்மலைப் பாலத்துக்கு ஒரு பயணம்

முதல் நாள்: சூலூர் வழியாகக் கூடலூர்

நெல்லையிலிருந்து இரவெல்லாம் ஓடிவந்த பஸ் பல்லடத்தைத் தாண்டியபோது விழிப்பு வந்தது. பக்கத்து இருக்கையில் மாப்பிள்ளை, அதாவது என் மனைவியின் தம்பி, எனக்கு முன்பே எழுந்து தலையை வாரி, சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பதினேழு வருடம் ராணுவப் பொறியியல் படையான மதராஸ் சாப்பர்ஸில் இருந்தவர். ஓய்வுபெற்றுப் பல காலம் ஆகியும் அவருடைய உடம்பு இன்னும் பெங்களூர் அல்சூர் ஏரிக்கரையில் ஐந்து மணி விசிலுக்குத்தான் எழுந்திருக்கிறது.

நான் வருவாய்த் துறையில் துணை வட்டாட்சியராக இருந்து ஓய்வுபெற்றவன். இரண்டு பேருக்கும் பென்ஷன் வருகிறது, நேரம் இருக்கிறது, வாயும் இருக்கிறது. 2024 ஜூலை 30 விடியற்காலையில் கேரளத்தின் வயநாட்டில், சூரல்மலை, முண்டக்கை ஊர்களின் மேல் மலை சரிந்ததிலிருந்து எங்களுக்குள் ஒரு வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. ராணுவம் வந்திராவிட்டால் ஒன்றும் நடந்திருக்காது என்பது அவர் கட்சி. ராணுவத்துக்கு வழி காட்டியது யார் என்பது என் கட்சி. அங்கே ராணுவம் போட்ட பாலத்தை நேரில் பார்த்துவிடுவோம் என்று இந்தக் கார்த்திகையில் கிளம்பிவிட்டோம்.

சூலூரில் பஸ் நின்றபோது அவர் ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினார். "அத்தான், இங்கேயிருந்துதான் ஹெலிகாப்டர் போனது." விமானப்படைத் தளம் சாலையிலிருந்து கண்ணுக்குத் தெரியாது. ஆனாலும் பார்த்தோம். அன்று இங்கிருந்து கிளம்பிய ஹெலிகாப்டர்கள் மழையிலும் மேகத்திலும் முதலில் இறங்க முடியாமல் கோழிக்கோட்டுக்குத் திரும்பின. சாயங்காலத்தில்தான் ஒன்று சூரல்மலையில் இறங்கியது. வானத்தில் வருகிறவர்களுக்கும் மழை விட்டுக்கொடுத்தால்தான் வழி.

சூலூர் என்றால் எனக்கு வேறொரு நினைவு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணிக் கரையெல்லாம் வெள்ளக்காடானது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் திருச்செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகளோடு மாட்டிக்கொண்டது. சூலூர் ஹெலிகாப்டர்கள் அப்போது எங்கள் பக்கம் வந்து சாப்பாட்டுப் பொட்டலம் போட்டன. எந்த அலுவலகம், எந்த ஊர் என்று சொல்லப் போவதில்லை. நாங்கள் கொடுத்த பட்டியலில் ஒரே பெயரில் இரண்டு சிற்றூர்கள் இருந்தன. பைலட்டுக்கு வேண்டியது அட்சரேகையும் தீர்க்கரேகையும். எங்களிடம் இருந்தது "மேலத்தெரு, அம்மன் கோயிலுக்கு வடக்கே." பொட்டலம் முழுவதும் ஆளில்லாத வயலில் விழுந்தது. அடுத்த நடைக்கு ஒரு கிராம நிர்வாக அலுவலர் தன் வீட்டுக்காரியின் சிவப்புச் சேலையை மொட்டை மாடியில் விரித்து நான்கு மூலைக்கும் செங்கல் வைத்தார். அது சரியாக விழுந்தது. அரசாங்கக் கோப்பில் சேலை ஏறவில்லை.

கோவையில் பஸ் மாறி, மேட்டுப்பாளையம், ஊட்டி வழியாகக் கூடலூர் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. நடுவட்டம் இறக்கத்தில் மாப்பிள்ளைக்கு வாந்தி. லடாக்கில் வண்டி ஓட்டியவராம். அதைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை, இங்கே எழுதுவதோடு சரி.

லாட்ஜுக்குக் கீழே இருந்த கடையில் தோசை சாப்பிடும்போது கடைக்காரர், வயநாடு போகிறோம் என்றதும், கூடலூர்ச் செவிலியரைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். ஆற்றின் மேல் கயிறு கட்டித் தொங்கியபடி அக்கரைக்குப் போய்க் காயம்பட்டவர்களுக்கு மருந்து கட்டியவர் அவர். அந்த ஆகஸ்ட் 15 அன்று தமிழக முதல்வர் அவருக்குக் கல்பனா சாவ்லா விருது கொடுத்தார். "கயிற்றைக் கட்டியது யார்?" என்று மாப்பிள்ளை கேட்டார். "கட்டியவர்கள் கட்டினார்கள், தொங்கியது எங்கள் ஊர்ப் பெண்" என்றார் கடைக்காரர். வழக்கில் எனக்கு ஒரு சாட்சி கிடைத்தது.

இரண்டாம் நாள்: சேரம்பாடி, மேப்பாடி, சூரல்மலை

கூடலூரிலிருந்து தேவாலா, பந்தலூர், சேரம்பாடி. அதற்குமேல் சோலாடி சோதனைச் சாவடி தாண்டினால் கேரளம். எல்லையில் மாறுவது பலகையில் உள்ள எழுத்து மட்டும். தேயிலை அதே தேயிலை, வெட்டிய சரிவு அதே சரிவு. வடுவஞ்சால் வழியாக மேப்பாடியில் இறங்கியபோது மணி பத்தரை. அங்கிருந்து ஒரு ஜீப்.

ஓட்டுநர் முதலில் மலையாளத்தில் பேசினார். நாங்கள் எங்களுக்குள் பேசியதைக் கேட்டதும் தமிழுக்கு வந்தார். தாத்தா காலத்தில் எஸ்டேட் வேலைக்கு வந்த குடும்பம். எங்கள் ஊரைக் கேட்டார். நெல்லை என்றதும் 'சார்' போய் 'அண்ணாச்சி' வந்தது. பாலம்வரைதான் விடுவார்கள், அதற்குமேல் அனுமதி வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். காவலர்கள் நிறுத்திய இடத்தில் மாப்பிள்ளை தன் முன்னாள் படைவீரர் அட்டையை நீட்டினார். அந்தக் காவலர் அட்டையைவிட அவர் நின்ற தோரணையைத்தான் பார்த்தார் என்று நினைக்கிறேன். பாலத்தில் நடந்துபோய்த் திரும்பலாம், பத்து நிமிடம் என்றார்.

பெய்லி பாலத்தை நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். நேரில் அது பாலம் மாதிரியே இல்லை. ஒரு பெரிய கட்டிலைச் சட்டம் சட்டமாகப் பூட்டி ஆற்றின் மேல் படுக்க வைத்ததுபோல் இருக்கிறது. கீழே புன்னப்புழை, முழங்கால் அளவு தண்ணீரோடு, ஒன்றும் நடவாததுபோல் கல்லுக்குக் கல் தாவிக்கொண்டிருந்தது. இரு பக்கமும் ஆற்றைவிடப் பல மடங்கு அகலத்துக்குப் பாறை. ஒவ்வொரு பாறையும் ஒரு வீட்டறை அளவு. வெள்ளார்மலைப் பள்ளிக்கூடக் கட்டடம் அந்தப் பாறைக் காட்டின் ஓரத்தில் நிற்கிறது.

மாப்பிள்ளை பாலத்தின் மேல் ஏறவில்லை. முதலில் பக்கவாட்டில் போய்க் குனிந்தார். ஒரு பேனலும், அதாவது ஓர் இரும்புச் சட்டமும், அடுத்த பேனலும் சேரும் இடத்தில் விரலை வைத்தார். பெருவிரல் கனத்தைவிடத் தடித்த ஓர் இரும்பு முளை.

"இதுதான் பின், அத்தான். பாலத்தில் மற்ற எல்லாவற்றையும் இதுதான் பிடித்திருக்கிறது."

ஒரு பேனல் பத்தடி நீளம், ஐந்தடி உயரம், ஏறக்குறைய 260 கிலோ. ஆறு பேர் கம்பு போட்டுத் தூக்குவார்கள். கிரேன் வேண்டாம். இரண்டாம் உலகப் போரில் டொனால்ட் பெய்லி என்ற ஆங்கிலேயர் இதை வடிவமைத்தபோது வைத்துக்கொண்ட கணக்கே அதுதான்: ஆள் தூக்கக்கூடிய எடை, லாரியில் ஏறக்கூடிய நீளம், சுத்தியலால் முடியக்கூடிய வேலை. சூரல்மலைப் பாலம் 190 அடி. "அப்படியென்றால் பத்தொன்பது" என்று சொல்லிவிட்டு, கணக்குச் சரியா என்று கரையோரமாக நடந்து ஒவ்வொன்றாக எண்ணினார். பத்தொன்பதுதான்.

எனக்குப் புரியாமல் இருந்தது ஒன்றுதான். வெள்ளம் ஓடும்போது இதை எப்படி அக்கரைக்குக் கொண்டுபோனார்கள்? அவர் ஒரு குச்சியை எடுத்து மண்ணில் வரைந்தார். இக்கரையிலேயே பாலத்தைப் பூட்டிக்கொண்டே, உருளைகளின் மேல் வைத்து முன்னால் தள்ளுவார்கள். முன்பக்கத்தில் எடை குறைந்த எலும்புக்கூடு ஒன்று இருக்கும். அதற்கு 'நோஸ்', மூக்கு, என்று பெயர். மூக்கு ஆற்றின் மேல் நீண்டுகொண்டே போகும். பின்பக்கத்து எடைதான் அதைத் தலைகுப்புற விழாமல் பிடித்துக்கொள்ளும். மூக்கு அக்கரை உருளையில் உட்கார்ந்த பிறகு, முழுப் பாலத்தையும் தள்ளி, மூக்கைக் கழற்றி எடுத்துவிடுவார்கள். "தள்ளும்போது யாரும் பேசமாட்டார்கள். கமாண்டர் குரல் மட்டும்தான் கேட்கும்." சொல்லிவிட்டு அவரும் சற்று நேரம் பேசவில்லை.

பெங்களூரிலிருந்து சாலை வழியாகவும், டெல்லியிலிருந்து விமானத்தில் கண்ணூர் வந்து அங்கிருந்து லாரியிலும் சாமான்கள் வந்து சேர்ந்தன. முதலில் ஆள் மட்டும் கடக்க ஒரு நடைபாலம். பிறகு இது. மேஜர் சீதா ஷெல்கே தலைமையில் எழுபது பேர் கொண்ட குழு. 31 மணி நேரத்தில் முடித்தார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. ஆகஸ்ட் 1 மாலையில் முதல் வண்டி அக்கரைக்கு, முண்டக்கை பக்கம் போனது. 24 டன் தாங்கும். அந்த எண்தான் முக்கியம். ஆம்புலன்ஸ் மட்டுமல்ல, மண் தோண்டும் இயந்திரமும் போகலாம். எங்கள் ஊரில் எல்லாவற்றையும் பொக்லைன் என்போம், இங்கே எல்லாமே ஹிட்டாச்சி. அதுவரை அக்கரையில் பெரும்பாலும் கையாலும் கடப்பாரையாலும்தான் மண்ணைக் கிளறியிருக்கிறார்கள்.

இதைக் கட்டிய மதராஸ் சாப்பர்ஸில் இருப்பவர்களை ராணுவத்தில் 'தம்பி' என்றுதான் சொல்வார்கள். 1780ல் மதராஸ் பயனியர்ஸ் என்று தொடங்கிய காலத்தின் மிச்சம் அது. வடக்கத்தி அதிகாரிகூட 'தம்பிஸ்' என்பாராம். மாப்பிள்ளை பாலத்தில் நடந்தபோது பின்னாலிருந்து பார்த்தேன். ஒவ்வொரு பேனலையும் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டிக்கொண்டே போனார், மாட்டை விலை பேசுகிறவர் மாதிரி.

நான் வழக்கில் தோற்றுக்கொண்டிருக்கிறேன் என்றுதான் அப்போது தோன்றியது.

திரும்பி வரும்போது ஜீப்காரர் பேச ஆரம்பித்தார். ஆகஸ்ட் 2ஆம் தேதி அந்த நிலத்தை ஆறு பகுதியாகப் பிரித்து நாற்பது குழுக்கள் இறங்கின. ராணுவம், தேசியப் பேரிடர் மீட்புப் படை, கடற்படை, கடலோரக் காவல் படை என்று கலந்த குழுக்கள். ஒவ்வொன்றிலும் உள்ளூர்க்காரர் மூன்று பேரும் வனத்துறை ஊழியர் ஒருவரும் இருக்கவேண்டும் என்று ஏற்பாடு. அவர் அந்த மூன்று பேரில் ஒருவராக நான்கு நாள் போயிருக்கிறார்.

"என்ன வேலை கொடுத்தார்கள்?"

"வீடு எங்கே இருந்தது என்று காட்ட வேண்டும், அண்ணாச்சி. அவ்வளவுதான்." ஜீப்பை ஓரம் கட்டினார். "காட்டுவதற்கு ஓர் அடையாளம் வேண்டுமே. மரம் இல்லை. மதில் இல்லை. ரோடு இல்லை. பிறந்த ஊரில் திசை தெரியாமல் நின்றேன். கிணறு ஒன்றைக் கண்டுபிடித்தோம். கிணறு கிடைத்த பிறகு மற்றதைச் சொல்லிவிட்டேன். கிணற்றிலிருந்து இத்தனை அடி இவர் வீடு, அதற்குப் பின்னால் அவர் வீடு."

படைவீரர்கள் கேட்ட அடுத்த கேள்வி, இந்த வீட்டில் எத்தனை பேர் என்பது. பட்டியலில் நான்கு என்று இருந்த வீட்டில் அன்று இரவு ஏழு பேர் தூங்கினார்கள் என்பது அவருக்குத் தெரியும். கட்டிக்கொடுத்த மகள் பிள்ளைகளோடு வந்திருந்தாள். ஏழாவது ஆள் கிடைக்கும்வரை அந்த இடத்தை விட்டு அவர்கள் நகரவில்லை என்றார்.

மாப்பிள்ளை முன்சீட்டில் இருந்தார். திரும்பி என்னைப் பார்த்தார். நானும் வாயைத் திறக்கவில்லை. ரேஷன் அட்டையில் ஆள் எண்ணிக்கையைச் சரிபார்த்தே முப்பது வருடம் ஓட்டியவன் நான்.

மூன்றாம் நாள்: மேப்பாடி, புத்துமலை, கல்பற்றா

காலையில் மழை தூறியது. மேப்பாடியில் பெரிதாக எழுத ஒன்றுமில்லை. முகாமாக இருந்த பள்ளிக்கூடத்தில் மணி அடித்துப் பிள்ளைகள் உள்ளே போனார்கள். உடல்களை வரிசையாக வைத்து உறவினர்களை அழைத்த சுகாதார மையத்தில் காய்ச்சலுக்குச் சீட்டு வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

புத்துமலைக்கு ஆட்டோவில் போனோம். இங்கே 2019 ஆகஸ்ட் 8 அன்று மலை சரிந்து பதினேழு பேர் போனார்கள். அதே இடத்தில்தான் 2024ல் அடையாளம் தெரியாதவர்களை அடக்கம் செய்தார்கள். கல்லில் பெயருக்குப் பதில் எண். மரபணுப் பரிசோதனை முடிவு வந்த பிறகு சில எண்களுக்குப் பெயர் கிடைத்தது. ஒரே ஆளுக்கு இரண்டு எண் இருந்ததும் உண்டு. காணாமல் போனவர்களையும் இறந்தவர்களாக அறிவித்த பிறகு அரசுக் கணக்கு 298. அந்த அறிவிப்பு இல்லாமல் வாரிசுச் சான்றிதழ் கிடையாது, வங்கிப் பணம் கிடையாது. ஒருவர் காணாமல் போனால் சாதாரணமாக ஏழு வருடம் காத்திருக்க வேண்டும் என்பது சட்டம். இங்கே அரசு ஆறு மாதத்துக்குள் முடித்துக்கொடுத்தது. இதற்கு யாரும் பேட்டி எடுக்கமாட்டார்கள். எத்தனை கோப்பு எத்தனை மேசையில் எத்தனை இரவு நகர்ந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். மாப்பிள்ளையிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார், நேற்று நான் மூக்குக் கதையைக் கேட்டதுபோல்.

மதியம் கல்பற்றாவில் கலெக்டர் அலுவலகத்தை வெளியே நின்று பார்த்தேன். 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாவட்டத்தில் எல்லாவற்றுக்கும் தலை கலெக்டர்தான். ராணுவமும் 'சிவில் அதிகாரத்துக்கு உதவி' என்ற பெயரில்தான் வருகிறது. கேட்டால் வரும், வேலை முடிந்தால் போய்விடும். அவசரமென்றால் அருகிலுள்ள படை அதிகாரி கடிதத்துக்குக் காத்திருக்காமல் ஆளை அனுப்பலாம். இங்கே முதலில் வந்தவர்களில் கோழிக்கோட்டுப் பிராந்திய ராணுவத்தினரும் கண்ணூர்க்காரர்களும் உண்டு. அப்புறம் மேஜர் ஜெனரல் வி. டி. மேத்யூ வந்தார். வருவாய் அமைச்சர் ராஜன் உட்பட அமைச்சர்கள் மாவட்டத்திலேயே தங்கினார்கள். தொலைபேசிக் கோபுரம் விழுந்த இடத்துக்கெல்லாம் செய்தி போக, இதே கட்டடத்தின் தரைத்தளத்தில் ஹாம் ரேடியோக்காரர்கள், அதாவது சொந்த ஆர்வத்தில் வானொலி அலையில் பேசிப் பழகியவர்கள், பெட்டியை விரித்து உட்கார்ந்திருந்தார்கள்.

எல்லாம் கச்சிதமாக நடந்தது என்று எழுதினால் அது பொய். முண்டக்கையில் இடிபாட்டுக்குள் மூச்சு இருப்பதாக ரேடார் காட்டியது. அன்று மாலை தேடலை நிறுத்தலாமா, தொடரலாமா என்று இழுபறி. பிறகு விளக்குப் போட்டுத் தோண்டினார்கள். யாரும் இல்லை. ரேடாருக்குத் தெரிவது அசைவு. அது மனிதனா, தவளையா என்பதைத் தோண்டித்தான் பார்க்கவேண்டும். இன்னொரு பக்கம், எந்தக் கருவியும் இல்லாமல், அட்டமலைக் காட்டுக்குள் பாறைக் குகையில் குளிரில் ஒண்டியிருந்த பழங்குடிக் குடும்பத்தையும் குழந்தைகளையும் வனத்துறை ஊழியர்கள் நடந்தே போய்க் கயிறு கட்டி மீட்டுக் கொண்டுவந்தார்கள். குழந்தையை நெஞ்சோடு துணியால் கட்டிக்கொண்டு வந்த படம் எல்லோரும் பார்த்ததுதான்.

ஆகஸ்ட் 8 அன்று பெரும்பகுதி ராணுவத்தினருக்கு வழியனுப்பு விழா. பாலத்தைப் பராமரிக்க ஒரு சிறு குழு மட்டும் தங்கியது.

டிசம்பரில் பில் செய்தி வெளியானது. பழைய வெள்ளங்களையும் வயநாட்டையும் சேர்த்து விமானப்படை சேவைக்கு 132.62 கோடி ரூபாய் பாக்கி என்று மத்திய அரசு கேரளத்துக்குக் கடிதம் எழுதியிருந்தது. பழைய பில்லை இப்போது ஏன் நீட்டுகிறீர்கள் என்று கேரள உயர் நீதிமன்றம் கேட்டது. கல்பற்றா டீக்கடையில் இதை எடுத்ததும் நான்கு பேர் கொதித்தார்கள். எனக்கு அதிர்ச்சி வரவில்லை. ஒரு துறை இன்னொரு துறைக்குப் பில் போடுவது வெள்ளைக்காரன் காலத்துப் பழக்கம். 2023 வெள்ளத்தில் படகுக்கு ஊற்றிய டீசலுக்கு நானே மூன்று மாதம் கழித்துச் சான்று எழுதினேன். ஆனால் சவக்குழியில் எண் போட்ட ஈரம் காயும் முன் கடிதத்தை அனுப்ப ஒரு தனி மனசு வேண்டும். "பறந்தவர்களுக்கு இதெல்லாம் தெரியாது, அத்தான்" என்றார் மாப்பிள்ளை. அது உண்மை.

நான்காம் நாள்: நிலம்பூர்

ஊருக்குத் திரும்பும் வழியை மாற்றினோம். வந்த பாதையிலேயே நாடுகாணிவரை வந்து, அங்கிருந்து மலையிறங்கி வழிக்கடவு, நிலம்பூர். முந்தாநாள் முழங்கால் ஆழத்தில் பார்த்த தண்ணீர்தான் மலையைச் சுற்றிக் குதித்து இங்கே சாலியாறாக வருகிறது. பஸ்ஸில் நாம் பல மணி நேரம் சுற்றிவரும் தூரத்தை அந்த இரவு ஆறு நேராகக் கடந்தது. மேலே காணாமல் போனவர்கள் கீழே போத்துக்கல்லு பக்கம் கரை ஒதுங்கினார்கள். வேறு மாவட்டம், வேறு கலெக்டர், வேறு காவல் நிலையங்கள். சாலியாற்றில் நாற்பது கிலோமீட்டர் நீளத்துக்கு எட்டுக் காவல் நிலைய எல்லைகளில் தேடினார்கள். மேலே போலீஸ் ஹெலிகாப்டர். கரையோரம் கடற்படை, கடலோரக் காவல் படை. தண்ணீரில் உள்ளூர் நீச்சல்காரர்கள்.

கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தோம். அறுபது வயது இருக்கும். தேடலுக்குப் போனீர்களா என்று கேட்டதற்கு, போகாமல் என்ன என்பதுபோல் பார்த்தார். அவருடைய மலையாளமும் எங்கள் தமிழும் பாதி வழியில் சந்தித்துக்கொண்டன. காவலர்கள் அவரைக் கூட்டிப்போய்க் கேட்ட முதல் கேள்வி, கயம் எங்கெங்கே என்பதாம். ஆற்றில் ஆழமான மடுவுக்கு இங்கே கயம் என்று பெயர். தமிழில் அந்தச் சொல்லை நாங்கள் பழைய செய்யுளோடு விட்டுவிட்டோம், இவர்கள் இன்னும் அதில் வலை வீசுகிறார்கள். வெள்ளத்தில் வருவது எதுவானாலும் கயத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, பிறகுதான் மேலே வரும். எந்தக் கயம் எத்தனை நாள் பிடித்து வைக்கும் என்பதும் ஒவ்வொன்றுக்கும் வேறாம்.

"வரைபடத்தில் இருக்கிறதா அதெல்லாம்?" என்று மாப்பிள்ளை கேட்டார்.

அவர் சிரித்தார். பிறகு விரலை மடக்கிப் பெயர்களைச் சொல்ல ஆரம்பித்தார், மேலேயிருந்து கீழே, ஆற்றோடு வரும் வரிசையில். மாப்பிள்ளை சட்டைப் பையிலிருந்து பஸ் டிக்கெட்டை எடுத்து, பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு போனார்.

"எதற்கு எழுதுகிறீர்கள்?"

"இருக்கட்டும், அத்தான்."

நான்காவது பெயரோடு டிக்கெட்டில் இடம் தீர்ந்துவிட்டது. பெரியவரைக் கையால் நிறுத்திவிட்டு, என் டிக்கெட்டையும் கேட்டு வாங்கிக்கொண்டார்.